மஸ்தானி வாசலும் பாபல் கபுறும்



புனே என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருபவை தொழிற்சாலைகளும் கல்லூரிகளுமே. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே பொறியாளர்களாகவும் கணிப்பொறித் துறையினராகவும் பணிபுரிகின்றனர். என் தங்கை மகனும் அவர்களுள் ஒருவன். அவனைக் காணச் சென்ற நான் புனேயின் பழைய பகுதியில் ஒரு பகலையும், அந்நகருக்கு அப்பாலுள்ள பாபல் என்னும் சிற்றூரில் மற்றொரு நாளின் பாதியையும் கழித்தேன். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இந்துத் தளபதியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒருவரையொருவர் நேசித்ததால் விளைந்தவற்றுக்கு இவ்விரு இடங்களும் சாட்சியாய் நிற்கின்றன. நம் வீடுகளில் மெல்லிய குரலிலேயே பேசப்படும் செய்தி இது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் என்னோடு வாருங்கள்.

புனேயின் நடுவே, முத்தா ஆற்றுக்கு அருகில் இருக்கிறது ஷனிவார் வாடா. ஷனிவார் என்றால் மராத்தியில் சனிக்கிழமை. வாடா என்றால் மாளிகை. 1730 ஜனவரியில் ஒரு சனிக்கிழமையன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1732 ஜனவரியில் மற்றொரு சனிக்கிழமையன்று குடிபுகுந்ததால் இப்பெயர். கட்டியவர் பேஷ்வா முதலாம் பாஜிராவ். சத்ரபதி சாகு மகாராஜாவின் முதன்மை அமைச்சரும் மராட்டியப் படைகளின் தலைவருமான சித்பாவன் பிராமணர் அவர். 1720-இல் இருபது வயது நிரம்புமுன்பே அப்பதவியை ஏற்றார்.

இன்று உள்ளே மாளிகை இல்லை. 1828 பிப்ரவரியில் மூண்ட தீ பல நாள் எரிந்து, மரத்தாலான மாடங்கள் அனைத்தையும் விழுங்கிவிட்டது. எஞ்சியவை மதிலும், கொத்தளங்களும், ஐந்து வாசல்களும், கட்டடங்களின் அடித்தளக் கற்களுமே. முகப்பிலுள்ள தில்லி வாசல் வடக்கு நோக்கி நிற்கிறது. யானைகளைக் கொண்டு மோதி உடைத்துவிடாதபடி அதன் கதவுகளில் கூரிய இரும்பு முட்கள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே புல்வெளியும் தாமரை வடிவிலமைந்த நீரூற்றுத் தொட்டியும் உள்ளன. எங்களுக்கு வழிகாட்டியவர் 1773-இல் இம்மாளிகையில் கொலையுண்ட இளம் பேஷ்வா நாராயணராவின் அபயக் குரல் பௌர்ணமி இரவுகளில் கேட்கும் என்பதை நெடுநேரம் விவரித்தார். பேய்க் கதைக்குக் கூட்டம் சேர்வது எவ்வூரிலும் வழக்கமே!

மற்றொரு வாசலைக் கடந்தபோது, "இது மஸ்தானி தர்வாஜா" என்ற ஒரே வாக்கியத்தோடு அவர் அப்பால் நகர்ந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மஸ்தானி யார்? வடக்கே பந்தேல்கண்டை ஆண்ட சத்ரசால் மன்னரை மொகலாயத் தளபதி முஹம்மது கான் பங்கஷ் முற்றுகையிட்டபோது, முதுமையின் தளர்ச்சியில் இருந்த அம்மன்னர் பாஜிராவின் உதவியை நாடினார். 1729-இல் பாஜிராவ் விரைந்து சென்று அவரை மீட்டார். நன்றிக்கடனாகத் தம் நாட்டில் மூன்றில் ஒரு பங்கை அளிக்க இசைந்த சத்ரசால், மஸ்தானியையும் அவருக்கு அளித்தார் என்பர். அவர் சத்ரசாலுக்கும் ஒரு முஸ்லிம் துணைவிக்கும் பிறந்த மகள் என்பது ஒரு சாரார் கூற்று. அரசவையில் ஆடிப் பாடிய நங்கையே என்பது மறு சாரார் கூற்று. அவரை உயர்த்த விரும்புவோர் முன்னதையும், தாழ்த்த விரும்புவோர் பின்னதையும் சொல்லி வருவதை நான் கவனித்தேன்.

சத்ரசாலின் ஆன்மிக ஆசானாக விளங்கியவர் பிராணநாதர். குர்ஆனும் வேதங்களும் ஒரே உண்மையைப் பேசுகின்றன என்று போதித்து, பிரணாமி என்னும் நெறியை வளர்த்தவர். அச்சூழலில் வளர்ந்த மஸ்தானி தொழுகையும் நோன்பும் உடையவராகவும், அதே வேளையில் கண்ணன் பாடல்களைப் பாடுபவராகவும் இருந்தார் என்று மரபுச் செய்திகள் கூறுகின்றன. இக்கலப்பு நம் அகீதாவுக்கு ஏற்புடையதன்று என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் புனே நகரத்துப் பெரியவர்களின் கண்ணுக்கு அவர் முஸ்லிமாகவே தெரிந்தார். அதுவே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றமும் ஆயிற்று.

பாஜிராவுக்கு முன்னரே காசிபாய் என்னும் மனைவி இருந்தார். அக்காலத்துப் பிரபுக்கள் பல பெண்களை வைத்திருந்ததை எவரும் பெரிதுபடுத்தவில்லை. மஸ்தானியையும் அவ்வாறு ஓர் ஓரத்தில் வைத்திருந்தால் எவரும் வாய் திறந்திரார். பாஜிராவோ அவரை மனைவிக்கு நிகராக நடத்தினார். தம் மாளிகையிலேயே இடமளித்தார். அவர் போக்குவரவுக்குத் தனி வாசலும் அமைத்தார். அந்த வாசலின்முன்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். தாயார் ராதாபாயும், தம்பி சிமாஜி அப்பாவும், காசிபாயின் மூத்த மகன் நானாசாகேபும் இதைச் சகிக்கவில்லை. பாஜிராவ் மதுவும் மாமிசமும் பழகியதற்கு அப்பெண்ணே காரணம் என்று குறை கூறினர். இருபதாண்டு காலம் பாசறையிலும் குதிரை முதுகிலும் வாழ்ந்த ஒரு படைவீரருக்கு இவற்றைக் கற்பிக்க ஒரு பெண் வந்துதான் ஆக வேண்டுமா? வீட்டு ஆண்மகனின் குறைகளை வந்த பெண்ணின் கணக்கில் எழுதும் வழக்கம் நம் தெருக்களிலும் இல்லாததன்று.

1740-இன் தொடக்கத்தில் பாஜிராவின் மகன் ரகுநாதராவுக்குப் பூணூல் சடங்கு நிகழவிருந்தது. பாஜிராவ் கலந்துகொள்வாரானால் நடத்தித்தர மாட்டோம் எனப் புரோகிதர்கள் மறுத்துவிட்டனர். அவர் போர்க்களம் சென்றிருந்த வேளையில் மஸ்தானியைக் குடும்பத்தார் பிடித்துக் காவலில் வைத்தனர். பலவந்தமாக அவர்களைப் பிரிப்பதில் சாகு மகாராஜாவுக்கு உடன்பாடில்லை என்பது அக்காலத்துக் கடிதங்களால் தெரிகிறது. அரசர் வேண்டாம் என்றார். அமைச்சர் வீட்டார் செய்தே தீர்ந்தனர். ஓர் அரசனின் வாக்குக்கு இல்லாத வலிமை வீட்டுப் பெரியவர்களின் மான உணர்ச்சிக்கு இருந்திருக்கிறது.

அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று, நர்மதை நதிக்கரையில் ராவேர்கேடி என்னுமிடத்தில் பாஜிராவ் காய்ச்சலால் இறந்தார். வயது நாற்பதை எட்டவில்லை. மஸ்தானி அருகில் இல்லை. செய்தி வந்த சில நாட்களில் அவரும் இறந்தார். நஞ்சருந்தினார் என்றும், உடன்கட்டை ஏறினார் என்றும், துயரத்தால் மாண்டார் என்றும் பலவாறு சொல்கின்றனர். உடன்கட்டை ஏறியவருக்கு பாபலில் கபுறு எவ்வாறு வந்தது என்பதை அவ்வாறு சொல்வோர்தாம் விளக்க வேண்டும்.

வாடாவிலிருந்து வெளியே வந்ததும் தங்கை மகன், "மாமா, இவ்வளவு தூரம் வந்து மஸ்தானி குடிக்காமல் போகலாமா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் அறிந்தேன்: புனேயில் மஸ்தானி என்பது ஒரு குளிர்பானத்தின் பெயர். கெட்டியாகக் காய்ச்சிய பாலில் பழச்சாறு கலந்து, மேலே ஐஸ்கிரீமும் முந்திரி, பாதாமும் இட்டு நீண்ட கண்ணாடிக் குவளையில் தருகின்றனர். மாம்பழ மஸ்தானிக்கு மவுசு அதிகமாம். கடையில் நெற்றித் திலகமிட்ட பெண்களும், புர்க்கா அணிந்த நம் பெண்களும், பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்று, "ஒரு மஸ்தானி, இரண்டு மஸ்தானி" என்று கேட்டுக்கொண்டிருந்தனர். அல்ஹம்துலில்லாஹ், சுவையில் குறை சொல்வதற்கில்லை.

இதே நகரில்தான் 2025 அக்டோபரில் அந்நிகழ்ச்சியும் நடந்தது. ஷனிவார் வாடாவினுள் சில முஸ்லிம் பெண்கள் துணி விரித்துத் தொழுத காட்சி கைபேசிகளில் பரவிற்று. மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் முன்னிற்க, ஒரு கூட்டத்தார் அவ்விடத்தில் கோமியம் தெளித்துச் 'சுத்தி' செய்தனர். தொல்லியல் துறையின் புகாரின்பேரில் தொழுத பெண்கள்மீது வழக்கும் பதிவாயிற்று. பாதுகாக்கப்பட்ட நினைவிடத்தில் வழிபாடு கூடாதென விதி இருக்குமாயின் அதைப் பேணுவது நம் கடமை. அந்நகரில் பள்ளிவாசல்களுக்குப் பஞ்சமில்லை. விதியை மீறியவர்க்கு விதி சொல்லும் தண்டனை போதுமே! தரையைக் கழுவியது எதற்கு? மரபுச் செய்தி மெய்யாயின், அதே மதிலுக்குள் பேஷ்வாவின் அன்புக்குரியவர் ஐவேளையும் தொழுதிருக்கிறார். அவர் இருந்த மாடத்தை அன்றைய புரோகிதர்கள்கூடக் கழுவியதாக நான் படித்ததில்லை.

பாஜிராவ் மஸ்தானிக்கு இனாமாக அளித்த ஊர் பாபல். புனேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அஹமத்நகர் சாலையில் ஷிக்ராபூர் வரை சென்று, அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். தொழிற்சாலைகள் பின்தங்கியபின் வெங்காய வயல்களும் சோளக் கொல்லைகளும் தொடர்கின்றன. ஊரில் ஜைனர்களின் புகழ்பெற்ற கோவில் ஒன்றும், கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி புகட்டும் விஞ்ஞான ஆசிரமம் ஒன்றும் உள்ளன. 1983-இல் டாக்டர் கல்பாக் என்னும் விஞ்ஞானி தொடங்கியது அது. நேரமிருந்தால் அதையும் காண வேண்டும், எங்களுக்கு வாய்க்கவில்லை.

மஸ்தானியின் கபுறு எளிமையானது. கல் மதில் சூழ்ந்த ஒரு வெளி, நடுவே சிறு மேடை, அவ்வளவே. கூரையோ கோபுரமோ இல்லை. தாஜ்மஹாலை மனத்திற்கொண்டு செல்பவர் ஏமாறுவர். கபுறாளிகளுக்குச் சொல்ல வேண்டிய ஸலாமைச் சொல்லி, துஆச் செய்தேன். அப்பெண்ணின் ஈமானை எடைபோடும் வேலை எனக்குரியதன்று; அதற்குரியவன் இருக்கிறான்.

வழியில் நாங்கள் விசாரித்த முதியவர் ஒருவர், "மஸ்தானி சமாதியா? அதோ" என்று கைகாட்டினார். சற்று அப்பால் தொப்பியணிந்த இளைஞர் ஒருவரோ, "மஸாருக்கா? வாருங்கள்" என்று உடன் வந்தார். இந்துக்கள் சமாதி என்கின்றனர். முஸ்லிம்கள் மஸார் என்கின்றனர். இரு சாராரும் வந்து போகின்றனர். 2015-இல் இக்கதை இந்தித் திரைப்படமாக வெளிவந்தபின் வெளியூரார் வருகை கூடிற்றாம். பாஜிராவின் சமாதி இங்கிருந்து வெகு தொலைவில், மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கிறது. உயிரோடிருக்கையில் பிரித்தவர்களுக்கு, இறந்தபின் அவர்களைப் பிரிக்க எந்த முயற்சியும் தேவைப்படவில்லை.

வாசகர்களே! இதுவரை சொன்னதைத் திரைப்படமும் சொல்லியிருக்கிறது, நாவல்களும் சொல்லியிருக்கின்றன. நான் எழுதத் துணிந்தது அவர்களுடைய பிள்ளையைப் பற்றி.

1734-இல் மஸ்தானிக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தை இட்ட பெயர் கிருஷ்ணராவ். அவனைப் பிராமணப் பிள்ளையாகவே வளர்க்க விரும்பிப் பூணூல் அணிவிக்குமாறு பாஜிராவ் கேட்டார். புரோகிதர்கள் மறுத்துவிட்டனர். நாட்டின் பாதியை நடுங்கவைத்த பேஷ்வாவால் தம் மகனுக்கு ஒரு நூலைப் பெற்றுத்தர இயலவில்லை! பிள்ளை முஸ்லிமாக வளர்ந்தான்; ஷம்ஷேர் பகதூர் என்று அழைக்கப்பட்டான். ஆறு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த அவனை வளர்த்தவர் யார் தெரியுமா? காசிபாய். கணவரைப் பங்கிட்டுக்கொண்டவளின் பிள்ளை என்று அவ்வம்மையார் அவனைத் தள்ளவில்லை. இக்கதையில் மனம் பெரியவர் யாரென என்னைக் கேட்டால் அவரையே சொல்வேன். அவர் பெயரில் வாடாவில் ஒரு வாசலும் இல்லை.

1761 ஜனவரி 14 அன்று பானிபட்டில் மராட்டியருக்கும் ஆப்கானிய மன்னர் அஹ்மத் ஷா அப்தாலிக்கும் பெரும் போர் மூண்டது. இதை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர் என்றே மேடைகளில் பேசுகின்றனர். அன்று மராட்டியரின் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கியவர் இப்ராஹீம் கான் கார்தி. மஸ்தானியின் மகன் ஷம்ஷேர் பகதூரும் பேஷ்வாவின் கொடியின்கீழ்ப் போரிட்டார். தன் தாயைக் காவலில் வைத்த குடும்பத்துக்காக, தனக்குப் பூணூலை மறுத்த சமூகத்துக்காக அவர் வாளேந்தினார். படுகாயமுற்று, பரத்பூர் ஜாட் மன்னர் சூரஜ்மலின் எல்லைக்குள் வந்து உயிர் நீத்தார். பரத்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். வயது இருபத்தேழு.

இதைப் படிக்கும் தாய்மார்கள், "இவ்வளவும் சொல்லும் ஹஜ்ரத், மார்க்கத் தீர்ப்பை மறந்தாரோ?" என எண்ணக் கூடும். மறக்கவில்லை. முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாத ஆணை மணப்பது ஷரீஅத்தில் கூடாது. இதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அதைத் தளர்த்தி எழுத எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. நாட்டின் சட்டமோ 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், 30 நாள் அறிவிப்புக்குப்பின் இத்தகைய மணத்தைப் பதிவு செய்துகொள்ள இடமளிக்கிறது. மற்றொரு புறம், 2020 நவம்பரில் உத்தரப் பிரதேசம் முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் போன்றவை இவ்விணைகளைக் காவல் நிலையத்துக்கு இழுக்கின்றன. அவற்றால் பெரிதும் அல்லலுறுவோர் நம் இளைஞர்களே என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். தீர்ப்பு எதுவாயினும், நடந்துவிட்ட ஒன்றுக்குப்பின் அப்பெண்ணையும் பிள்ளையையும் என்ன செய்வது? இக்கேள்வி எங்கள் மத்ரஸா வாசலுக்கே வந்தது.

எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் இந்து இளைஞர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வெளியூர் சென்றிருந்தார். அக்கணவர் நோயுற்று இறந்தபின், ஏழு வயது மகனோடு ஊருக்குத் திரும்பினார். ஒருநாள் மாலை அச்சிறுவனின் பாட்டி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார். "மவ செஞ்சது மவளோட போவட்டும் ஹஜ்ரத்து. புள்ளைக்கு அலிஃபு, பே சொல்லிக் குடுங்க" என்றார். சேர்க்கைப் பதிவேட்டை விரித்தேன். தந்தை பெயர் என்னும் கட்டத்தைக் கண்டதும் அம்மூதாட்டியின் முகம் வாடிற்று. அருகிலிருந்த ஜமாஅத்துப் பெரியவர், "அப்துல்லாஹ் என்று எழுதிவிடுங்கள், வம்பு வேண்டாம்" என்றார். சட்டப்படி நசபு சேருமா என்பது வேறு பேச்சு. இறந்துபோன ஒரு மனிதரின் பெயரை அவருடைய மகனின் கண்ணெதிரே மாற்றி எழுத என் கை வரவில்லை. சிறுவனையே கேட்டேன். அவன் தெளிவாகச் சொன்னான், சொன்னபடியே எழுதினேன்.

பெரியவர் அதற்குப்பின் சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம் பேரனை அச்சிறுவனுக்கு அருகில் உட்காரவைக்கக் கூடாதென வேறொருவர் சொல்லியனுப்பினார். சிறுவன் இப்போது ஐந்தாம் ஜுஸ்உ ஓதுகிறான். மக்ரஜ் சுத்தமாக இருக்கிறது. அவனுடைய உம்மா தம் தாய்வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்குக் குடியிருக்கிறார். அவருடைய வாப்பா அவ்வழியே தொழுகைக்கு வருகிறார், போகிறார். இன்றுவரை அவர் ஸலாம் சொன்னால் பதில் இல்லை.

மஸ்தானியின் வழித்தோன்றல்களுக்கு வருவோம். ஷம்ஷேர் பகதூரின் மகன் அலி பகதூர் பந்தேல்கண்டுக்குச் சென்று, பாந்தா நவாபுகளின் மரபைத் தொடங்கினார். வாடாவிலுள்ள மஸ்தானி வாசலுக்கு அலி பகதூர் வாசல் என்றும் பெயருண்டு. மஸ்தானியிலிருந்து நான்காம் தலைமுறையான இரண்டாம் அலி பகதூர் 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்தார். 1858 ஏப்ரலில் ஜெனரல் விட்லாக் அவரை வென்று பாந்தாவைக் கைப்பற்றினார். விட்லாக் நடத்திச் சென்றது நம் சென்னை ராஜதானிப் படை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. நவாபு தப்பிச் சென்று யாரோடு சேர்ந்தார்? ஜான்சி ராணியோடும், தாத்தியா தோபேயோடும், பேஷ்வாவின் வாரிசாக நின்ற ராவ் சாகேபோடும். பூணூல் மறுக்கப்பட்ட பிள்ளையின் வாரிசும், பூணூல் அணிந்த பேஷ்வாக்களின் வாரிசும் குவாலியரில் ஓரணியில் நின்று அந்நியரை எதிர்த்தனர். தோல்விக்குப்பின் ஆங்கிலேயர் நவாபுக்கு ஓய்வூதியம் அளித்து இந்தூரில் வாழ வைத்தனர்.

புனே செல்லும் வாசகர்கள் மற்றொன்றையும் தவறவிட வேண்டாம். பாஜிராவ் சாலைக்கு அருகிலுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில், கோத்ருட் பகுதியில் இருந்த மஸ்தானியின் மாளிகையிலிருந்து பெயர்த்தெடுத்த மரத்தூண்களையும் பிறவற்றையும் கொண்டு ஒரு கூடத்தை மீண்டும் அமைத்திருக்கின்றனர். காலையில் அதைப் பார்த்துவிட்டு, பகலுணவுக்குப்பின் பாபலுக்குப் புறப்படலாம். குடிநீரும் குடையும் எடுத்துச் செல்லுங்கள். கபுறைச் சுற்றி நிழல் குறைவு. ஊருக்குள் நுழைந்தபின் சமாதி என்று கேட்டாலும் மஸார் என்று கேட்டாலும் ஒரே இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள்.